காணும் எண்டு சொன்ன கடுகு

இருங்கோ, இருங்கோ, எல்லாரும் இருங்கோ. நிண்டு கதைக்கிற ஆக்களாலை தான் லோஞ்சு ஒரு பக்கம் சரியுது, கடலாலை இல்லை. குடைக்காரத் தங்கச்சி, குடையை மடக்கிப்போட்டு இரும் பிள்ளை, பின்னாலை இருக்கிற ஐயாவுக்குக் கண் ஒண்டு போகப்போகுது. தமிழ்நாட்டிலை இருந்து வந்த சார், உங்களுக்கும் தான், கடல் எங்கையும் ஓடாது, போகேக்கையும் படம் எடுக்கலாம், இருங்கோ. வாயையும் ஒருக்கா மூடுங்கோ. கடைசிப் பலகையிலை மடியிலை பையை வைச்சுக்கொண்டு இருக்கிறா பாருங்கோ, அவவைப் பாத்துப் பழகுங்கோ, ஏறினதிலை இருந்து ஒரு சொல்லில்லை. அவ என்ர மச்சாள், என்ர அண்ணன்ர மனுசி, பேர் புஸ்பம். எங்கட குடும்பத்துக்குக் கடவுள் தந்த பேச்சு முழுக்க என்ர வாய்க்கு வந்திட்டுது, மிச்சம் இருந்த மௌனம் முழுக்க அவவுக்குப் போட்டுது.

துறையிலை இறங்கமுந்திச் சாரத்தை உதறுங்கோ, சீலைத் தலைப்பை உதறுங்கோ, செருப்பை ஒண்டோடை ஒண்டு தட்டுங்கோ, பையைக் கவிட்டுத் தட்டுங்கோ எண்டு நான் சொன்னவுடனை சிரிச்சியள். "என்னண்ணை, தங்கமே கடத்துறம்?" எண்டு கேட்டவர் ஆர்? நீரோ. நல்லது. இந்தச் சூசை பகிடிக்காரன் தான், ஆனா உதறச் சொன்னது பகிடிக்கு இல்லை. ஏன் உதறவேணும் எண்டதைத் துறை வரமுந்திச் சொல்லி முடிக்கிறன். பிழையெண்டா மச்சாள் சொல்லட்டும். அவ சொல்லமாட்டா. எண்டாலும் ஒரு மரியாதைக்குச் சொல்லிவைக்கிறன்.

முரல்தீவு எண்டு பேர் வந்தது முரல் மீனாலை. ஒரு கரையிலை நிண்டு ஆரும் தும்மினா மற்றக் கரையிலை இருந்து "நூறு வயசு" எண்டு சத்தம் வரும், அவ்வளவு தான் தீவு. பனை இருக்கு, ஆடு இருக்கு, கல்லாலை அடுக்கின மதில் இருக்கு, மாதா கோயில் ஒண்டு, வைரவர் கோயில் ஒண்டு, ரெண்டுக்கும் நடுவிலை நல்லதண்ணிக் கிணறு ஒண்டு. மற்றக் கிணறெல்லாம் உவர். மாதாவுக்குப் பூச்சாடியிலை ஊத்திறதும் வைரவருக்கு அபிசேகம் செய்யிறதும் நாங்கள் தேத்தண்ணி வைக்கிறதும் அந்த ஒரு தண்ணியாலை தான். அதாலை எங்களுக்கை சமயச் சண்டை வந்ததில்லை, வந்தா ஒரு பகுதி தாகத்திலை செத்துப்போகும்.

முந்தி எங்கட மண்ணிலை கடுகு முளைச்சதில்லை. கடுகு கடையிலை முளைக்கிறது எண்டு தான் என்ர அறிவு. ஒரு வருசம் புயல் அடிச்சுக் குரக்கன் பயிரெல்லாம் படுத்து, நிவாரணமெண்டு எங்கையோ தூரதேசத்துக் கோதுமை மூட்டை மூட்டையா வந்து இறங்கிச்சுது. அதைப் புடைச்சாச் சுளகு நுனியிலை கறுப்பு மணி நிக்கும், கடுகு மாதிரி, கடுகிலும் சின்னன். பெண்டுகள் அதை எறிவினமே? தகர ரின்னிலை போட்டு வைச்சினம். தாளிச்சுப் பாத்தா வெடிக்குது, வாயிலை வைச்சாக் கைக்குது. கறிக்கு ஆகாது, நாவூறுக்கு ஆகும் எண்டு மூடி வைச்சினம்.

சார் முழிக்கிறியள். நாவூறு எண்டா, உங்கட பக்கம் கண்ணு படுறது எண்டுவியள் எல்லோ, அது தான். எங்களுக்குக் கண்ணிலும் பாக்க நாக்குக்குத் தான் பயம். "என்ன வடிவான பிள்ளை" எண்டு ஆரும் சொல்லிப்போட்டா அண்டைக்குப் பிள்ளை சாப்பிடாது. உடனை உப்பு, செத்தல் மிளகாய், கடுகு மூண்டையும் கையிலை பொத்தித் தலையைச் சுத்தி எடுத்து அடுப்பிலை போடவேணும். ஊர் வாயிலை இருந்து வந்த சொல்லையெல்லாம் கடுகு வாங்கிக்கொண்டு போய் நெருப்பிலை படபடவெண்டு வெடிச்சுத் தீரும். அது வெடிக்கேக்கை தாய்மார் "பாத்தியளே, எவ்வளவு நாவூறு இருந்திருக்கு" எண்டு சொல்லுவினம், அதையும் சொல்லவேணும், சொல்லாட்டிக் கழிஞ்ச மாதிரி இல்லை. அதிலை ஒரு கட்டு இருக்கு. சுத்தேக்கை ஒருத்தரும் வாய் திறக்கப்பிடாது. ஏனெண்டாக் கடுகுக்கு நல்ல சொல், கெட்ட சொல் தெரியாது, கேக்கிறதை வாங்கிப்போடும்.

என்ர அண்ணன் எமில். என்ர வாயைப் பாத்துப்போட்டு அவனும் இப்பிடித்தான் எண்டு நினையாதேங்கோ. நான் ஊரிலை இருக்கிற எல்லாற்றை குரலையும் எடுத்துச் செய்து திரிவன், அவன் தன்ர குரலையே அளந்து தான் எடுப்பான். பல்லைக் காட்டினா உப்புக்காத்துப் பட்டிடும் எண்ட மாதிரி ஒரு முகம். கூடப்பிறந்த நான், அவன் சிரிச்சதைக் கண்ணாலை கண்டது குறைவு.

ஒருநாள் அவன் பெரிய அறக்குளா மீன் ஒண்டு பிடிச்சுக்கொண்டு வந்தவன். துறையிலை வைச்சு ரெண்டு பேர் தூக்கவேண்டிப் போச்சுது. ஊர் முழுக்கச் சுத்தி நிண்டு "எமிலின்ர கைராசி, எமிலின்ர கைராசி" எண்டு சொல்லிப்போட்டுது. அடுத்தநாள் விடிய அவன் தனியத் தூண்டிலுக்கு வெளிக்கிடுறான். வாடைக்காத்துத் துவங்கிற காலம், மழை தூறுது. மச்சாள் அப்ப வயித்திலை பிள்ளையோடை. அவனை வீட்டு முத்தத்திலை மறிச்சு நிப்பாட்டி நாவூறு கழிக்கிறா. நான் துறையிலை வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், அங்கை அவையள் ரெண்டு பேரும் தான். நல்ல கடுகு முடிஞ்சு போச்சு, ரின்னிலை கோதுமைக் கடுகு தான் இருந்தது. மூண்டு தரம் சுத்தி முடியமுந்தி அண்ணன் வாய் திறந்து என்னவோ சொல்லிப்போட்டான். குசினிக்குள்ளை போனா அடுப்பு தூவானத்திலை நூந்து கிடக்கு. பிறகு கூட்டி அள்ளி எரிப்பம் எண்டு மச்சாள் கையிலை இருந்ததை வேலிக்கரையிலை போட்டவ. மழை விடேல்லை. அண்ணன் வரேல்லை.

வள்ளம் வரேல்லை, துடுப்பு வரேல்லை, மிதப்புக்கட்டை ஒண்டு கூட வரேல்லை. கொண்டுபோனது அலையோ ஆளோ, ஆர் கண்டது. தேடப் போனவை எல்லாம் திரும்பி வந்து கையை விரிச்சுக் "காணேல்லை" எண்டினம். பேந்து பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை, றெஜினா எண்டு பேர் வைச்சம்.

மாரி முடிய வேலிக்கரையிலை ஒரு செடி. முழங்கால் உயரம், சொரசொரவெண்டு இலை, உச்சியிலை மஞ்சள் பூ. ஆடு மணந்து பாத்துப்போட்டு விலகிப்போச்சுது. பூ காயாகி, வெயில் ஏறக் காய் காஞ்சு, ஒரு மத்தியானம் முதற்காய் படக்கெண்டு வெடிச்சுது.

"காணும் புஸ்பம், விடு. காத்து மாறப்போகுது."

அண்ணன்ர குரல். அதே அளந்து எடுத்த குரல். மச்சாள் அப்ப பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இருந்தவவாம். திரும்பிப் பாக்காமலே "பொறுங்கோ, வாறன்" எண்டு சொன்னவவாம். பிறகு தான் கை நிண்டதாம்.

சார், எங்கட பக்கம் காணும் எண்டா உங்கட போதும். சோத்தைப் போடேக்கை காணும் எண்டாப் போடாதை எண்டு அர்த்தம். அவன் அவவுக்குச் சொன்னது அது தான், சுத்தினது காணும், விடு எண்டு. ஆனா ஊர்ச்சனம் ஆறுதல் சொல்ல வந்து அந்தச் சொல்லைப் பிடிச்சு மற்றப் பக்கம் திருப்பிப்போட்டுது. எங்கட விதானை, ஊருக்கு அரசாங்கம் வைச்ச பெரியவர், கந்தவனத்தார் மூக்காலை தான் கதைப்பார், இப்பிடி: "ம்ம்ம் பிள்ளை, காணும் எண்டாக் கண்ணாலை காணும் எண்டும் ஒரு கருத்து இருக்கு. அவன் வருவான், காணும்." வந்த ஆக்கள் எல்லாரும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, மச்சாள் தேத்தண்ணி வைச்சுக் குடுத்தவ. செடியைப் பிடுங்கேல்லை. அது சிந்தின விதை அடுத்த மாரிக்கு வேலி நீளத்துக்கு நிண்டுது. அதுக்கடுத்த மாரிக்கு வளவு முழுக்க. மத்தியான வெயிலிலை அந்தப் படலையடியிலை போனியளெண்டா ஆயிரம் எமில் நிண்டு ஒராள் விட்ட இடத்திலை மற்றாள் துவங்கி, காணும் புஸ்பம், விடு, காணும் புஸ்பம், காத்து மாறப்போகுது, காணும், காணும் எண்டு சொல்லிக்கொண்டு நிப்பாங்கள், அதுக்கு நடுவிலை அவ உடுப்புத் தோச்சுக் கொடியிலை போட்டுக்கொண்டு நிப்பா.

இதிலை ஆச்சரியப்பட ஒருத்தருக்கும் நேரம் இருக்கேல்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "எனக்கும் ஒரு பிடி விதை தருவியே?"

வைரவநாதர் எண்டு ஒரு கிழவர். மனுசி சின்னாச்சி இருந்த காலம் முழுக்க அந்த மனுசியின்ர வாயைப் பற்றி என்னட்டை முறைப்பாடு சொல்லுவார். அவ செத்தாப்பிறகு அவவின்ர தலகணியை எடுத்து விதையாலை சுத்தி வேலியோரம் போட்டார். தலகணி கடைசியாக் கேட்ட சொல் முளைச்சு வந்தது. "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, எத்தினை தரம் சொல்லுறது." கிழவர் பேந்து வேலிக்குக் கிட்டப் போகேக்கையெல்லாம் செருப்பைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு முள்ளுக்குள்ளாலை வெறுங்காலோடை போவார். "சரியடியப்பா, கழட்டியாச்சு" எண்டு மறுமொழியும் சொல்லுவார், முகம் நிறைஞ்ச சந்தோசம்.

மங்களக்கா மகன்ர பள்ளிக்கூடப் பையைச் சுத்தினவ. மகன் பாரிசிலை, நல்ல உயிரோடை, நல்ல வேலையிலை. அவவின்ர முத்தத்திலை நிண்ட கடுகு ஒவ்வொரு மத்தியானமும் சின்னப்பெடியன்ர குரலிலை "அம்மா, பசிக்குது" எண்டும். அவ செடிக்கடியிலை சோறு கொண்டுபோய் வைப்பா, கோழி வந்து தின்னும். ஒருநாள் அந்த நேரம் பாரிசிலை இருந்து மகன் போன் எடுத்திட்டான். நான் பக்கத்திலை நிண்டனான், கேட்டதை அப்பிடியே சொல்லுறன்: "தம்பி, பிறகு எடு ராசா. இப்ப நீ கதைச்சுக்கொண்டிருக்கிறாய், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." அங்கால அவன் என்ன நினைச்சானோ, வைச்சிட்டான். கொஞ்சக் காலத்தாலை எடுக்கிறதையும் குறைச்சிட்டான்.

இப்பிடிச் சட்டையைச் சுத்தினவை, சைக்கிள் மணியைச் சுத்தினவை, கலியாணப் படத்தைச் சுத்தினவை. சுத்தின ஒருத்தரும் நெருப்பிலை போடேல்லை. எங்கட தாய்மார் ஊர் வாயைக் கழிக்க எண்டு வைச்ச சாமானை நாங்கள் போன ஆக்களின்ர வாயைச் சேத்து வைக்கப் பாவிச்சம். மாதா கோயில் சுவாமியார் பிரசங்கம் வைச்சார்: "பிரியமானவர்களே, மரித்தோரைக் குறித்து நாம் இவ்விதமாய்..." வெளியிலை இருந்து சின்னாச்சி: "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ." கோயில் முழுக்கச் சிரிப்பு, சுவாமியார் குனிஞ்சு தன்ர காலைப் பாத்தார். அவரின்ர அறைக்குப் பின்னாலையும் ஒரு பாத்தி கடுகு நிண்டது. அது என்ன சொன்னது எண்டு சொல்லமாட்டன், அந்த மனுசனுக்கும் ஒரு அம்மா இருந்தவ தானே.

தீவு மஞ்சளாப் போச்சு. பாக்க வடிவு தான், தூரத்திலை வள்ளத்திலை வரேக்கை ஆரோ மாதாவுக்குப் பொன்சீலை உடுத்திவிட்ட மாதிரி இருக்கும். கிட்ட வந்தா அதுக்குக் கீழை ஒரு புல்லு இல்லை. குரக்கன் எழும்பேல்லை. பனங்கொட்டை முளைக்கேல்லை. ஆடு வேறை வழியில்லாமல் அதைத் திண்டு, பால் கைச்சு, குட்டி தாய்மடியை விட்டு விலகிச்சுது. பேந்து கிணறு. காய் வெடிச்சுத் தெறிச்ச விதையும் சருகும் நல்லதண்ணிக் கிணத்துக்கை விழுந்து ஊறி, தண்ணி காரமேறிப்போச்சு. முகம் கழுவினா கண் எரியுது. குடிச்சவனுக்கு வயித்தாலை போகுது. அக்கரையிலை இருந்து வள்ளத்திலை பீப்பாப் பரலிலை தண்ணி கொண்டு வந்து குடிச்சம். ஒரு குடும்பம் ரெண்டு குடும்பமா, வாழுற ஆக்கள் படலையைச் சாத்திப்போட்டு அக்கரைக்குப் போகத் துவங்கிச்சினம். போன ஆக்களின்ர குரல் நிக்க, நிண்ட ஆக்கள் போகினம்.

அரசாங்க விவசாயக் கந்தோரிலை இருந்து ஒரு பிள்ளை வந்தது, தொப்பியும் சப்பாத்தும், குரல் மென்மை: "அண்ணை, இது காட்டுக்கடுகு. வந்தேறிக் களை. நிக்கிற மண்ணிலை வேறை ஒண்டையும் விடாது. காய் முத்தமுந்தி வேரோடை பிடுங்கவேணும். விதை மண்ணுக்கை போட்டுதெண்டாக் கனகாலம் படுத்திருந்து எழும்பும்." அந்தப் பிள்ளை செடியின்ர பேச்சைக் கேட்டுத் திடுக்கிடேல்லை. மங்களக்காவின்ர முத்தத்திலை கனநேரம் நிண்டுது. பிறகு மெதுவாக் கேட்டுது, "அம்மா, ஒரு தம்பியின்ர தொப்பியைச் சுத்தினாலும் வருமோ?" மங்களக்கா மறுமொழி சொல்ல வாயெடுக்க, "வேண்டாம், நான் கேக்கேல்லை" எண்டுபோட்டுத் தன்ர தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு துறைக்கு நடந்துது.

கூட்டம் வைச்சம். எல்லாச் செடியையும் பிடுங்கவேணும் எண்டதிலை எல்லாருக்கும் சம்மதம், தங்கட தங்கட வளவு தவிர. கத்திக் கத்தி ஓய்ஞ்சு கடைசியிலை விதானையார் மூக்கைத் திறந்தார்: "ம்ம்ம் துவங்கின இடத்திலை துவங்கினாத் தான் மற்றவை பிடுங்குவினம். எமிலின்ர மனுசி பிடுங்கட்டும்." எல்லாரும் தலையாட்டிச்சினம். போய்க் கேக்க ஒருத்தரும் இல்லை. பிறகு எல்லாற்றை கண்ணும் என்னிலை. "சூசை, உனக்குத் தானே வாய் இருக்கு."

போனன். மத்தியானம். மச்சாள் றெஜிக்குச் சோறு குடுத்துக்கொண்டு இருந்தவ. பள்ளிக்கூடம் சேக்கிற வயசு, குச்சி மாதிரி உடம்பு. எப்ப சோறு போட்டாலும் ரெண்டு வாயோடை "காணும்" எண்டு எழும்பிவிடும், பேசப் பழகினதே அந்தச் சொல்லோடை தான்.

"வா தம்பி. என்ன, கூட்டம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது மச்சாள்."

"என்னவாம்?"

வந்த அலுவலைத் தள்ளி வைச்சன். கண்டறியாத கதையெல்லாம் கதைச்சன். விதானையார் மாதிரிச் செய்தன், சுவாமியார் காலைக் குனிஞ்சு பாத்ததைச் செய்தன், கைப்புப் பால் குடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி மூஞ்சையைச் சுழிச்சன். றெஜி விழுந்து விழுந்து சிரிக்குது. சிரிச்சுக்கொண்டே சோத்தை விழுங்குது. மச்சாள் அடுத்த வாயை உருட்டிக் கையிலை வைச்சிருக்கிறா. அந்த நேரம் பாத்து வேலிக்கரையிலை படக்கெண்டு ஒரு காய்.

"காணும் புஸ்பம், விடு. காத்து மாறப்போகுது."

பிள்ளையின்ர சிரிப்பு வெட்டின மாதிரி நிண்டுது. பிழை செய்து பிடிபட்ட ஆள் மாதிரி நிமிந்து இருந்துது. சோத்துக் கோப்பையை மெல்லத் தள்ளி வைச்சுது. பிறகு என்னைப் பாத்து, செடிக்குக் கேக்கக்கூடாது எண்ட மாதிரிச் சின்னக் குரலிலை, "சித்தப்பா, உங்களுக்கு எல்லாற்றை குரலும் வரும் தானே. அப்பா கோவப்படாமல் கதைக்கிற குரல் உங்களுக்கு வருமோ?"

வாய் திறந்தன். சத்தியமா வாய் திறந்தன். ஒண்டும் வரேல்லை. அந்தக் குரலை நான் ஒருநாளும் எடுத்துச் செய்தவன் இல்லை, முந்தி அவன் இருந்தான், பிறகு கடுகு இருந்தது.

"வராது பிள்ளை" எண்டன்.

மச்சாள் உருட்டின சோத்தைக் கையிலை வைச்சபடி வேலியைப் பாத்துக்கொண்டு இருந்தவ. நான் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, கேக்க வந்ததைக் கேளாமலே வந்திட்டன்.

அடுத்தநாள் வெயில் ஏறி ஊர் பாக்குது, புஸ்பம் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக்கரையிலை குந்தியிருந்து பிடுங்கிறா. முதற்செடி நிண்ட இடத்திலை துவங்கிப் படலைப் பக்கமா. பிடுங்கிப் பிடுங்கி மண்ணைத் தட்டி ஒரு பக்கத்திலை அடுக்கிறா. முத்தாத பச்சைக் காய் கையிலை நசியேக்கை முழுச்சொல்லு வராது. "காண..." எண்டும். "புஸ்..." எண்டும். ஒண்டு "விடு" எண்டு வடிவாச் சொன்னது, அதையும் அவ விடேல்லை, பிடுங்கினவ. படலையிலை ஊர் வந்து நிண்டுது. ஒருத்தரும் உள்ளுக்குப் போகேல்லை, ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை. கனநேரத்தாலை வைரவநாதர் செருப்பைக் கழட்டிக் கையிலை எடுத்துக்கொண்டு தன்ர வேலிக்குப் போனார். "சின்னாச்சி, குறை நினையாதை" எண்டு கேட்டுது. பிறகு வேரறுகிற சத்தம். அதுக்குப் பிறகு மற்ற வளவுகள், ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா. மங்களக்கா பிடுங்கேக்கை பாரிசுக்குப் போன் எடுத்து, மகனைக் கதைக்கவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையிலை நெரிச்சுக்கொண்டு பிடுங்கினவ. சுவாமியார் தன்ர பாத்தியைத் தானே பிடுங்கினார், துணைக்கு ஒருத்தரையும் விடேல்லை.

எல்லாத்தையும் கொண்டுவந்து துறைவெளியிலை குவிச்சம், பனை உயரம். வெயில் சரியமுந்திக் கொள்ளி வைச்சது மச்சாள். அது தான் பாருங்கோ, அண்டைக்கு அடுப்பு நூந்ததாலை போடாமல் விட்ட நெருப்பு. ஐயோ சார், அந்தச் சத்தம். தீவிலை இருந்து போன அவ்வளவு பேரும் ஒரே நேரத்திலை கதைச்சா எப்பிடி. பசிக்குது எண்டும் கழட்டு எண்டும் விடு எண்டும் வாறன் எண்டும் போயிட்டுவாறன் எண்டும், ஒண்டுக்கை ஒண்டு விழுந்து, மெல்ல மெல்லச் சொல்லெல்லாம் கரைஞ்சு கடைசியிலை வெறும் படபட தான். எங்கட வீட்டு அடுப்பிலை கேக்கிற அதே படபட. சனம் வாயைப் பொத்திக்கொண்டு நிக்குது. அப்ப தான் ஆரோ ஒரு தாய், ஆரெண்டு தெரியேல்லை, பழக்கதோசத்திலை சொல்லிச்சுது, "பாத்தியளே, எவ்வளவு நாவூறு இருந்திருக்கு." சொன்னவுடனை ஊர் விக்கி விக்கி அழுதுது. ஆசைக்கும் நாவூறு எண்டு பேர் வைக்க ஆர் நினைச்சது.

கிணத்தை இறைச்சு, இறைச்சு, பேந்தும் இறைச்சுத் தான் தண்ணி பழைய ருசிக்கு வந்தது. புல்லு வந்தது, ஆடு வந்தது, போன குடும்பங்களிலை பாதி வந்தது. எண்டாலும் அந்தக் கந்தோர்ப் பிள்ளை சொன்ன மாதிரி மண்ணுக்கை விதை படுத்திருக்கு. ஒவ்வொரு மாரிக்கும் ஒண்டு ரெண்டு எழும்பும். காணுறவை பூக்கமுந்திப் பிடுங்குவினம். சிலது பத்தைக்குள்ளை கண்ணிலை படாமல் முத்திப்போகும். எங்கையோ ஒரு மூலையிலை ஒரு சொல்லுக் கேக்கும். கேட்டவை சொல்லாயினம். நானும் கேக்கிறேல்லை. அதுக்குத் தான் உதறச் சொல்லுறது. வெளியிலை இருந்து கொண்டு வரவும் வேண்டாம், இஞ்சை இருந்து கொண்டு போகவும் வேண்டாம். உங்கட ஊரிலையும் போன ஆக்கள் இருப்பினம், உங்களுக்கும் ஆசை இருக்கும், எனக்குத் தெரியும்.

மச்சாள் ஏன் பிடுங்கினவ எண்டு இண்டைக்கும் ஊரிலை ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு கதை. கிணத்துக்காக எண்டுவார் விதானையார். தன்ர பிரசங்கத்தாலை எண்டுவார் சுவாமியார், பாவம், இருந்திட்டுப் போகட்டும். நான் நினைக்கிறது, இவ்வளவு காலமும் ஊர் சொன்ன கருத்திலை கேட்டுக்கொண்டு இருந்தவ, கடைசியிலை அந்தச் சொல்லை அண்ணன் சொன்ன கருத்திலை எடுத்திட்டா. காணும் எண்டாக் காணும். போதும். அவ்வளவு தான். றெஜி இப்ப யாழ்ப்பாணத்திலை பெரிய வகுப்புப் படிக்குது, நல்லாச் சாப்பிடுது, மச்சாள் இப்ப அவளைப் பாத்துப்போட்டுத் தான் வாறா. ஏன் பிடுங்கினனீங்கள் எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டாலும் அவ சொல்லுற ஆளில்லை.

அந்தா துறை தெரியுது. உதறுங்கோ, உதறுங்கோ.

என்ன சார்? "எல்லாரோட குரலும் பண்ணீங்க, அண்ணன் குரல மட்டும் பண்ணலையே, ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்" எண்டோ? நல்லாக் கேட்டியள். குடைத் தங்கச்சியும் கேக்குதோ. ஓமோம், எல்லாரும் கேளுங்கோ. இண்டுவரைக்கும் நான் செய்யேல்லை. அண்டைக்கு வரேல்லை எண்டது உண்மை தான், ஆனா இப்ப எனக்கும் வயசு போகுது, கண்ணாடியிலை பாத்தா அவன்ர முகம் வந்து நிக்குது, குரலும் வந்திருக்கும் எண்டு ஒரு நினைப்பு. ஒரே தாயின்ர தொண்டை தானே ரெண்டும். பொறுங்கோ, செருமிப்போட்டு வாறன். ம்க்கும். சத்தம் போடாதேங்கோ. "காணும் புஸ்..."

என்ன மச்சாள்? மெய்யே, மச்சாள் வாய் திறக்கிறா. எல்லாரும் பொத்துங்கோ, கேப்பம்.

"காணும் தம்பி, விடு. அவர் அதைச் சிரிச்சுக்கொண்டெல்லோ சொன்னவர். கடுகுக்கும் அது வரேல்லை, உனக்கும் வராது."